டோஃபுவா, சோயா மீட்டா, பனீரா, கடலையா? கொழும்புச் சைவச் சமையலறைக்கு ஓர் ஒப்பீடு

கடந்த சில மாதங்களில் மூன்று பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். கொட்டாஞ்சேனையில் இருக்கும் ஓர் அம்மாவின் மகள் மீன், இறைச்சியோடு பால், தயிர், நெய் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டாள். வீட்டில் மற்றவர்களுக்கு மீன்குழம்பு இல்லாமல் சோறு இறங்காது. சமைப்பது அம்மா ஒருவர்தான். வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கி வேலைக்குப் போகும் தம்பி ஒருவரிடம் இருப்பது ஓர் அடுப்பு, ஒரு தாச்சி, வீட்டுக்காரரின் பிரிட்ஜில் ஒரு மூலை. தெஹிவளையில் ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதி பிறப்பிலேயே சைவம். ஐயாவுக்கு இரத்த அழுத்தம், அம்மா தைரொயிட் மாத்திரை எடுக்கிறார். மூன்று வீட்டிலும் கேள்வி இதுதான்: டோஃபு, டோஃபு என்கிறார்களே, வாங்கத்தான் வேணுமா? சோயா மீட் போதாதா? பனீர் இதைவிட நல்லதில்லையா?

என் கருத்தை முதலே சொல்லிவிடுகிறேன். இவற்றை ஒன்றின் இடத்தில் இன்னொன்று என்று நினைக்கும்போதே பிழை தொடங்கிவிடுகிறது. நான் முதன்முதலில் டோஃபு (சோயாப் பாலைத் திரைய வைத்து அழுத்திய கட்டி) வாங்கியபோது இறைச்சிக்கறி வைக்கிற மாதிரியே கறித்தூள், பழப்புளி, தேங்காய்ப்பால் எல்லாம் விட்டு அரை மணி நேரம் கொதிக்க வைத்தேன். குழம்பு நன்றாக இருந்தது. டோஃபுத் துண்டைக் கடித்தால் உள்ளே உப்புக்கூட இல்லை. பிள்ளைகள் குழம்பை மட்டும் சோற்றில் விட்டுக்கொண்டு துண்டுகளைத் தட்டின் ஓரத்தில் அடுக்கிவிட்டார்கள். குறை டோஃபுவில் இல்லை, அதைப் போட்ட கறியில்தான் என்று விளங்க எனக்குக் கொஞ்சக் காலம் எடுத்தது. ஆகவே எது நல்லது என்பதற்கு முன்னால், எந்தக் கறிக்கு என்று கேட்க வேண்டும்.

எதை வைத்து அளப்பது

கறியில் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதே என் முதல் அளவுகோல். அடுத்தது புரதம். மூன்றாவது காசு. நான்காவது நேரமும் அடுப்புச் செலவும். ஐந்தாவது, வீட்டில் எவ்வளவு நாள் வைத்திருக்கலாம் என்பது. கடைசியாக, சாப்பிடப் போகிறவர் யார்: வீகனா (பால், தயிர்கூடத் தொடாதவரா), விரதகாரரா, மருந்து எடுப்பவரா?

காசைப் பற்றி ஒரு சொல். விலை அடிக்கடி மாறுகிற ஊரில் இன்றைய ரூபாய்க் கணக்கை எழுதி வைத்துப் பயனில்லை. அதற்குப் பதிலாக இப்படிப் பாருங்கள்: பைக்கட்டின் விலையை அதிலுள்ள மொத்தப் புரதத்தால் வகுக்க வேண்டும். 200 கிராம் டோஃபுப் பைக்கட்டில் 100 கிராமுக்கு 12 கிராம் புரதம் என்று போட்டிருந்தால் மொத்தம் 24 கிராம். அரைக் கிலோ காய்ந்த கடலையில் 95 முதல் 100 கிராம் வரை இருக்கிறது. நான் எப்போது கணக்குப் பார்த்தாலும் பருப்பும் கடலையும்தான் மலிவு, அடுத்தது சோயா மீட், டோஃபுவும் பனீரும் தூரத்தில் நிற்கும். உங்கள் கடை விலையைப் போட்டு நீங்களும் ஒருமுறை பாருங்கள்.

| | டோஃபு (கெட்டி) | சோயா மீட் | பனீர் | கடலை, பருப்பு |
|---|---|---|---|---|
| 100 கிராமில் புரதம், சாப்பிடும் நிலையில் | 10 – 17 கிராம் | ஊறிப் பிழிந்தபின் 13 – 17 கிராம் | 18 – 20 கிராம் | அவித்தபின் ஏறக்குறைய 9 கிராம் |
| குழம்பில் | சாறு உள்ளே போகாது | நன்றாக இழுக்கும் | உருகாது, மேலே மட்டும் பிடிக்கும் | கரைந்து குழம்பாகவே மாறும் |
| பொரித்துப் பிரட்டினால் | மிக நல்லது | நல்லது | மிக நல்லது | கடலை மட்டும் சரிவரும் |
| சமைக்கும் நேரம் | 20 – 30 நிமிடம் | 40 நிமிடம் | 15 நிமிடம் | பருப்பு 20 நிமிடம். கடலைக்கு முதல்நாளே ஊறல் |
| வைத்திருக்க | பிரிட்ஜ் கட்டாயம் | அலுமாரியில் மாதக்கணக்கில் | பிரிட்ஜ் கட்டாயம் | அலுமாரியில் மாதக்கணக்கில் |
| வீகனுக்கு | ஆம் | லேபல் பார்த்து | இல்லை | ஆம் |

டோஃபு

சோயா அவரையை ஊறவைத்து அரைத்து, பிழிந்த பாலைக் காய்ச்சி, கல்சியம் சல்பேற் அல்லது மக்னீசியம் குளோரைட் சேர்த்துத் திரைய வைத்து அழுத்தினால் டோஃபு. பாலைத் திரித்துப் பனீர் எடுப்பது போலத்தான். எவ்வளவு அழுத்தி நீரை எடுக்கிறார்களோ அவ்வளவு கெட்டி, அவ்வளவு புரதம். அதனால்தான் அட்டவணையில் 10 முதல் 17 வரை என்று போட்டேன். கல்சியம் சல்பேற்றில் திரைய வைத்ததானால் பால் குடிக்காதவர்களுக்குக் கல்சியமும் சேர்ந்து கிடைக்கிறது. லேபலில் அதைத் தேடிப் பாருங்கள்.

இனி அந்தச் சப்பென்ற சுவைக்கு வருவோம். டோஃபு ஏற்கெனவே தண்ணீரால் நிறைந்த பொருள். நிறைந்த குடத்தில் மேலும் விட இடமில்லை. அதிலும் நம் குழம்பில் மணமெல்லாம் எண்ணெயிலும் தேங்காய்ப்பாலின் கொழுப்பிலும் இருக்கிறது. நீர் நிறைந்த துண்டுக்குள் அது இலேசில் போகாது. எனவே டோஃபுக்குச் சுவை வெளியில் பிடிக்க வேண்டும். அதற்கு மேற்பரப்பு காய்ந்து, முறுகி இருக்க வேண்டும்.

நான் செய்வது இதுதான். கெட்டி டோஃபுவைத் துண்டாக்கி, நன்றாக உப்புப் போட்ட கொதிநீரில் 10 நிமிடம் வைப்பேன். தண்ணீரை எடுக்கவேண்டிய பொருளைத் தண்ணீரிலா போடுவது என்று தோன்றும். ஆனால் சுடுநீர் மேற்பரப்பு ஈரத்தை வெளியே தள்ளுகிறது, உப்பும் கொஞ்சம் பிடிக்கிறது. பிறகு துணியில் பரப்பி ஒற்றி எடுத்து, சோள மாவோ அரிசி மாவோ மெல்லியதாகத் தூவி, தாச்சியில் கொஞ்ச எண்ணெயில் பொன்னிறமாக்குவேன். இப்படிச் செய்த துண்டில் சோஸ் ஒட்டும். பம்பாய் வெங்காயம், கறிமிளகாய், தக்காளி, இடித்த செத்தல் மிளகாய் போட்டு டெவல் செய்தால், கொழும்பில் வளர்ந்த எந்தப் பிள்ளையும் வேண்டாமென்று சொல்லாது. துண்டுகளைக் கடைசி ஒரு நிமிடத்தில்தான் சோஸில் போட வேண்டும். அதற்கு முன் போட்டால் முறுகல் போய்விடும்.

குழம்பில்தான் வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. பைக்கட்டோடு ஃபிரீசரில் ஓர் இரவு வைத்து, மறுநாள் உருகவிட்டுப் பிழியுங்கள். உள்ளிருந்த நீர் பனிக்கட்டியாகும்போது இடத்தைப் பெரிதாக்கிவிடுகிறது. உருகி வடிந்தபின் அந்த இடமெல்லாம் துளை. கை வைத்தால் ஸ்பொஞ்ச் மாதிரி இருக்கும். நிறம் கொஞ்சம் மஞ்சளாகும், கெட்டுப்போகவில்லை, பயப்பட வேண்டாம். இது குழம்பை இழுக்கும்.

ஆனால் டோஃபுக்கு நம் வீட்டுச் சமையலில் மிகப் பொருந்திய இடம் வறை என்பது என் எண்ணம். சுறா வறை தெரிந்தவர்களுக்கு இதன் பதம் உடனே விளங்கும். 200 கிராம் கெட்டி டோஃபுவைக் கையால் உதிர்த்து, எண்ணெய் விடாமல் தாச்சியில் ஈரம் வற்றி உதிரியாகும்வரை கிளறி எடுத்து வையுங்கள். அப்புறம் எண்ணெயில் கடுகு, பெருஞ்சீரகம், செத்தல் மிளகாய், நிறைய சின்ன வெங்காயம், கறிவேப்பிலை தாளித்து, மஞ்சளும் உப்பும் போட்டு, உதிர்த்ததைச் சேர்த்துப் பிரட்டி, இரண்டு பிடி தேங்காய்ப்பூ தூவி இன்னும் ஐந்து நிமிடம். இறக்கியபின் தேசிக்காய்ப் புளி. சிறு சிறு துகள்களாக இருப்பதால் ஒவ்வொன்றிலும் தாளிதம் படுகிறது. சுவை உள்ளே போகாத பிரச்சினையே இங்கே எழாது. பிட்டோடும் சொதியோடும் இதைச் சாப்பிட்டவர்கள் மறுபடி கேட்டிருக்கிறார்கள்.

மென்மையான டோஃபுவை இதற்கெல்லாம் வாங்கிவிடாதீர்கள், கூழாகிவிடும். அது சூப்புக்கும், அடுப்பை அணைக்கும் நேரத்தில் பாற்கறியில் மெதுவாக இறக்கவும் சரி.

மறைந்திருக்கும் செலவுகள். முதலாவது எண்ணெய்: பொரித்தால்தான் ருசி என்றாகிவிட்டால் எண்ணெய்ப் போத்தல் சீக்கிரம் தீரும். இரண்டாவது பயணம். பெரிய சுப்பர்மார்க்கெட்டின் குளிர்ப்பெட்டியில்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. தெருமுனைக் கடையில் எதிர்பார்க்க முடியாது. மூன்றாவது மீதி. திறந்த பைக்கட்டைத் தண்ணீரில் மூழ்க வைத்து, தினமும் தண்ணீர் மாற்றி, மூன்று நான்கு நாளில் முடிக்க வேண்டும். புளித்த மணம் வந்தாலோ வழுவழுத்தாலோ எறியுங்கள். மின்சாரம் நான்கு மணி நேரத்துக்கு மேல் போய் பிரிட்ஜ் குளிர் இறங்கிவிட்டாலும் அதே முடிவுதான். 2022 இல் மின்வெட்டு மணிக்கணக்கில் நீண்ட நாட்களை மறந்தவர் இங்கே யாருமில்லை.

வீட்டிலேயே செய்யலாமா என்றும் கேட்கிறார்கள். செய்யலாம். புறக்கோட்டையில் சோயா அவரை வாங்கி, எட்டு மணி நேரம் ஊறவைத்து, அரைத்துப் பிழிந்து, தேசிக்காய்ப் புளியிலேயே திரைய வைக்கலாம். பாலை நன்றாகக் காய்ச்ச வேண்டும். பச்சைச் சோயாவில் புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள்கள் உண்டு, வெப்பத்தில்தான் அவை அடங்கும். அடுப்பை விட்டு நகரக்கூடாது, நொடியில் பொங்கிவிடும். பிழிந்த சக்கையை ரொட்டி மாவில் சேர்த்துவிடலாம். ஆனால் அரை நாள் வேலை. தேசிக்காயில் திரைந்ததற்கு அந்தக் கல்சியமும் கிடைக்காது. ஆர்வத்துக்குச் செய்யுங்கள், வாராவாரம் செய்யலாம் என்று நம்பி டோஃபுவைத் தெரிவுசெய்யாதீர்கள்.

சோயா மீட்

கொழுப்பு நீக்கிய சோயா மாவை அழுத்தத்திலும் சூட்டிலும் தள்ளி, காய வைத்து எடுப்பது. டோஃபு நிறைந்த குடம் என்றால் இது காய்ந்த பஞ்சு. முதலில் எதைக் குடிக்கிறதோ அதனால்தான் நிறையும். வெறுந்தண்ணீரில் ஊறவைத்து அப்படியே குழம்பில் போட்டால் வெறுந்தண்ணீரைத்தான் சாப்பிடுவீர்கள்.

உப்பும் மஞ்சளும் போட்ட சுடுநீரில் 15 நிமிடம் ஊறவைத்து, இறுக்கிப் பிழிந்து, இன்னொரு தண்ணீரில் அலசி மீண்டும் பிழியுங்கள். அந்த மொச்சை மணம் இதோடு போய்விடும். பிழிந்த கையோடு கறித்தூள், உப்பு, கரைத்த பழப்புளி பிரட்டிக் கால் மணி நேரம் வைத்தால், இழந்த நீருக்குப் பதிலாக இதை இழுத்துக்கொள்ளும். பிறகு தாளித்து, இரண்டாம் பாலில் வேகவிட்டு, முதற்பால் விட்டு வற்ற வைத்தால் நல்ல பிரட்டல் கறி. குழம்பு என்று வந்தால் டோஃபுவை விட இதுதான் மேல். எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

மறைந்திருப்பது லேபலில். சுவையூட்டிய பைக்கட்டில் வரும் தூள் பையில் உப்பு அதிகம். இரத்த அழுத்தக்காரர் உள்ள வீட்டில் அந்தப் பையை அப்படியே ஒதுக்கி, நம் கறித்தூளைப் போடுவது நல்லது. கோழி, இறால் என்று பெயர் போட்டதில் சுவை எதிலிருந்து வருகிறது, பால்மா சேர்ந்திருக்கிறதா என்பதை ஒவ்வொரு பைக்கட்டிலும் வாசியுங்கள். கோதுமை சேர்வதும் உண்டு. விரத நாளுக்கு வெங்காயம், உள்ளி விலக்குகிறவர்களுக்கும் அந்தத் தூள் பை ஆகாது. பெயரில்லாத வெறும் சோயா மீட் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

இன்னொன்று, இது பணத்தில் சேராத விலை. சில மூத்தவர்களுக்கு இது கடிபடும் விதமே இறைச்சியை நினைவூட்டுகிறது. சைவச் சட்டியில் அதை வைக்க மனம் ஒப்புவதில்லை. அவர்களிடம் இது அவரைதான் என்று வாதாடி வெல்வதில் பொருளில்லை. அந்த வீட்டுக்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

பனீர்

பால் சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும். 15 நிமிடத்தில் கறியாகிவிடும், உருகாது, பிள்ளைகள் விரும்புவார்கள், புரதமும் அதிகம். ஆனால் 100 கிராமில் 20 கிராமுக்கு மேல் கொழுப்பு, பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு (saturated fat). அதன்மேல் நெய்யும் கிரீமும் விட்டால் கொலஸ்ட்ரோல் பார்க்கிறவர்களுக்கு அது வாராந்த உணவாகாது. ஒரு லீற்றர் புதுப்பாலில் வீட்டில் எடுத்தால் 150 முதல் 200 கிராம் வரைதான் கிடைக்கும். பால் விலையைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். நான் விருந்தாளிக்கு வாங்குவேன், நாளாந்தச் சமையலுக்கு வாங்குவதில்லை.

கடலையும் பருப்பும்

இவற்றைப் பட்டியலில் சேர்த்ததற்குச் சிலர் புருவம் உயர்த்தலாம். தினமும் சாப்பிடுவதுதானே என்று. அதனால்தான் சேர்த்தேன். புதிதாகச் சைவத்துக்கு மாறுகிறவர்கள் டோஃபுவைத் தேடிக் காலி வீதி முழுக்க நடக்கிறார்கள், அலுமாரியில் இருக்கும் பயறும் கௌபியும் கண்ணில் படுவதில்லை. அவித்த பருப்பில் 9 கிராம் என்பது குறைவாகத் தெரியும். ஆனால் பருப்பை நாம் 50 கிராம் சாப்பிடுவதில்லை, ஒரு கோப்பை சாப்பிடுகிறோம். புரதத்தின் கூறுகளில் பருப்பில் குறையும் மெதியோனின் சோற்றில் இருக்கிறது, சோற்றில் குறையும் லைசின் பருப்பில் இருக்கிறது. சோறும் பருப்பும் சேர்ந்தால் நிறைவு. இரும்புச் சத்துக்காகச் சாப்பிடுகிறவர்கள் தேசிக்காய் பிழிந்துகொள்ளுங்கள். சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடிப்பதை ஒரு மணி நேரம் தள்ளுங்கள், தேயிலை இரும்பை உடல் எடுப்பதைக் குறைக்கும்.

இதன் மறைந்த செலவு முன்யோசனை. மாலை ஆறு மணிக்கு வேலையால் வந்து கடலைக்கறி வைக்க நினைத்தால் முடியாது. பிரெஷர் குக்கர் இல்லாமல் அவித்தால் காஸும் தீரும். ஞாயிறன்று அரைக் கிலோவை ஒன்றாக ஊறவைத்து அவித்து, பங்கு பிரித்து ஃபிரீசரில் போட்டால் இந்தப் பிரச்சினை பாதி தீர்ந்துவிடும். வாய்வுத் தொல்லை உள்ளவர்கள் ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் அவியுங்கள்.

பலாக்காயையும் இந்த வரிசையில் சேர்க்கச் சொல்கிறார்கள். ருசிக்கு அதை அடிக்க எதுவுமில்லை. ஆனால் 100 கிராமில் புரதம் 2, 3 கிராம்தான். கறியாகச் சாப்பிடுங்கள், பக்கத்தில் பருப்பும் இருக்கட்டும்.

மூன்று வீட்டுக்கும்

கொட்டாஞ்சேனை அம்மாவுக்கு: இரண்டு சமையல் வைக்க வேண்டாம். தாளித்து, கறித்தூளும் பழப்புளியும் தேங்காய்ப்பாலும் விட்டுக் கொதிக்கும் குழம்பை மீன் போடுவதற்கு முன்பே இரண்டு சட்டியில் பிரியுங்கள். ஒன்றில் மீன், மற்றதில் பிழிந்து ஊறிய சோயா மீட், சில நாள் அவித்த கடலை. வாரம் இரண்டு தடவை டோஃபு டெவலோ வறையோ செய்யுங்கள். அதை வீட்டில் எல்லோரும் சாப்பிடுவார்கள், மகளுக்கு மட்டும் தனிச் சட்டி என்ற உணர்வும் வராது. சம்பலில் மாசி போடுவதானால் அவளுக்கு முதலில் எடுத்து வைத்துவிடுங்கள். ஒரு விடயத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்: மேலே சொன்ன தாவர உணவு எதிலும் பி12 விட்டமின் இல்லை. பாலும் நிறுத்தியவள் அதை மாத்திரையாகத்தான் எடுக்க வேண்டும். மருத்துவரிடம் கேட்டு இந்த மாதமே தொடங்குங்கள்.

வெள்ளவத்தைத் தம்பிக்கு: டோஃபுவை இப்போதைக்கு விடுங்கள். மற்றவருடைய பிரிட்ஜை நம்பி வாங்கும் பொருள் அல்ல அது. அலுமாரியில் மைசூர்ப் பருப்பும் வெறும் சோயா மீட்டும் இருந்தால் வாரநாள் ஓடும். இரண்டும் ஒரே அடுப்பில், ஊறல் நேரத்தில் பருப்பு, பின்பு பிரட்டல். சம்பளம் வந்த வார இறுதியில் ஒரு பைக்கட் டோஃபு வாங்கி அன்றே முழுதும் முடியுங்கள். பாணுக்குள் வைக்க வறை நல்லது.

தெஹிவளைத் தம்பதிக்கு: ஐயாவுக்கு உப்புக் குறைக்க வேண்டும், இருவருக்கும் மெல்ல இலகுவான, மென்மையான உணவு வேண்டும், அம்மாவுக்குச் சோயா மீட்டின் தோற்றமே பிடிக்கவில்லை. உங்கள் வீட்டுக்குத்தான் டோஃபு மிகப் பொருந்தும். ஊறவைக்கும் சுடுநீரில் உப்பைக் குறைத்து, வறையில் தேசிக்காயையும் மிளகையும் கூட்டுங்கள். அம்மாவின் தைரொயிட் மாத்திரையைச் சோயா உடல் எடுக்கவிடாமல் குறைக்கக்கூடும். மாத்திரை காலையில் வெறுவயிற்றில், டோஃபு மதியத்தில் என்று பிரித்து வையுங்கள், வாரத்துக்கு எத்தனை தடவை சாப்பிடுகிறீர்கள் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். விரதத்துக்கு இது ஆகுமா என்று ஐயா கேட்டார். அவரை, தண்ணீர், திரைய வைக்கும் கனிம உப்பு, அவ்வளவுதான். கந்தசஷ்டியில் பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயிலுக்குப் போய் வந்து ஒருவேளை சாப்பிடுகிற நாட்களில், வெங்காயம் போடாமல் பெருஞ்சீரகமும் இஞ்சியும் தாளித்து இதே வறையைச் செய்யலாம். தேங்காய்ப்பூவை ஒரு பிடி கூடப் போடுங்கள், வெங்காயம் இல்லாத குறை தெரியாது.